மீட்பு பற்றி ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பிரிந்த சபையைச் (புராட்டஸ்டண்ட்) சேர்ந்த நண்பர் ஒருவர், "நீங்கள் கத்தோலிக்கர்கள் நற்செயல் செய்து மோட்சத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறீர்கள்" என்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை.

பிறகு கொஞ்சம் படித்தேன். நம்பிக்கையோ செயலோ, கடவுளுக்கு ஏற்புடையவராகும் முன் நாம் செய்யும் எதுவும் அப்படி ஏற்புடையவராக்கும் அருளை ஈட்டித் தராது என்று திரெந்து பொதுச்சங்கமே (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) 1547இல் சொல்லியிருக்கிறது. 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டிருக்கின்றன. இதுவரை சரி.

நான் தடுமாறுவது அடுத்த படியில். திருமுழுக்கில் இலவசமாகக் கிடைத்த அருளைச் சாவான பாவத்தால் (கனமான பாவத்தால்) இழக்கலாம், ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) திரும்பப் பெறலாம் என்கிறோம். அருளில் வளர நற்செயலும் வேண்டும் என்கிறோம். அப்படியானால் "இலவசம்" என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? சட்டம் சார்ந்த செயல்களால் அல்ல, நம்பிக்கையால்தான் மனிதர் ஏற்புடையவராகிறார் என்னும் உரோமையர் 3:28ஐ அவர் நீட்டுகிறார், நம்பிக்கையால் மட்டுமல்ல, செயல்களாலும்தான் என்னும் யாக்கோபு 2:24ஐ நான் நீட்டுகிறேன். வசனச் சண்டையாகவே முடிகிறது (இரண்டு பேருக்கும் அதில் ஒரு ருசி வேறு).

மறைக்கல்வி நடத்துபவர்கள், இறையியல் படித்தவர்கள் யாராவது இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படிக்கும் முறையை எளிமையாகச் சொல்ல முடியுமா? திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எந்த எண்களைப் பார்க்கலாம் என்றாலும் போதும்.