ஓசூரில் ஆர்எக்ஸ்-7 ரோட்டரி இன்ஜின்: செட் வேலைக்குப் பார்ட்ஸ் பட்ஜெட் எப்படிப் போடுவது?

ஓசூர் ரோட்டரி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1989 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் 13பி டர்போ ரோட்டரி இன்ஜின். பெங்களூரில் ஒருவரிடம் பேப்பரெல்லாம் சரிபார்த்து வாங்கியது. கடைசியாக இன்ஜினை எப்போது பிரித்தார்கள் என்ற விவரம் மட்டும் கிடைக்கவில்லை.

பிரச்சினை இதுதான். காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொள்கிறது. கிருஷ்ணகிரி வரை போய்விட்டுத் திரும்பும்போது சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தினால் அவ்வளவுதான். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. சூடு ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சில நாள் நிறுத்திவைத்து எடுத்தால் நீலப் புகை வருகிறது, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஐடிலில் லேசான உதறல். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை.

இங்கே தெரிந்த பட்டறைகள் எல்லாமே பிஸ்டன் வண்டி பார்ப்பவை. ஒருவர் ரீபோர் போட்டு (உள்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் ஏற்றிவிடலாம் என்றார்.

இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டும் செட் வேலைக்கு, பார்ட்ஸுக்கு மட்டும் நான்கு லட்சம் வரை ஒதுக்க முடியும். வெளிநாட்டுக் கடையில் சீல், ஸ்பிரிங், ஓ-ரிங், பேரிங் எல்லாம் சேர்த்து முழு கிட்டாக விற்கிறார்கள். அதை முதலில் வரவழைத்துவிட்டு இன்ஜினை இறக்கலாமா? எந்த வேலையை இங்கே சிப்காட்டிலேயே முடிக்கலாம்? எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது?

பாலக்கோடு பட்டறை:

தம்பி, கிட்டை இப்போது ஆர்டர் போடாதீர்கள். முதலில் காம்ப்ரஷன் (இன்ஜின் உள்ளே காற்றை அழுத்தும் அளவு) பாருங்கள்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ரோட்டரியில் பெரும்பாலும் காம்ப்ரஷன் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் எந்த சீல் போனது என்பதைப் பொறுத்துச் செலவு தலைகீழாக மாறும். ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகம் உண்டு, மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரண கேஜை அப்படியே போட்டால் அதில் இருக்கும் வால்வு, மூன்றில் நல்ல முகத்தின் அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை வால்வோடு எடுங்கள். அப்புறம் வால்வைக் கழற்றிவிட்டு, முள் துள்ளுவதைப் போனில் ஸ்லோ மோஷனில் பிடியுங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரமா என்பதுதான் கேள்வி.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். பெட்ரோலும் இக்னிஷனும் கட், ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்த நிலை, பேட்டரி முழு சார்ஜ். 250 ஆர்பிஎம் சுற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோதான் இந்த இன்ஜினின் கீழ் எல்லை. முகத்துக்கு முகம் ஒன்றரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஒன்றை மறக்காதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே பத்து சதவீதம் குறைவு, கேஜும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். 5.5 வந்தால் பதற வேண்டாம்.

ரீபோர் பேச்சை விட்டுவிடுங்கள். ரோட்டர் சுற்றும் கூடு, அதாவது ரோட்டர் ஹவுசிங்கின் உள் வடிவம் வட்டம் கிடையாது. அலுமினியத்துக்குள் இரும்புத் தகடு, அதன்மேல் குரோம். தேய்ந்தால் பெரிதாக்கி ஓவர்சைஸ் போட வழியே இல்லை. ஒன்று அது நன்றாக இருக்கிறது, இல்லையென்றால் வேறு ஹவுசிங். உங்கள் நான்கு லட்சம் போதுமா போதாதா என்பதைத் தீர்மானிக்கப்போவது அதுதான், கிட் அல்ல.

ஓசூர் ரோட்டரி:

நன்றி அண்ணா. சொன்னபடியே எடுத்துவிட்டேன். வால்வோடு எடுத்தபோது முன் ரோட்டர் 6.2, பின் ரோட்டர் 6. வால்வு இல்லாமல் எடுத்த வீடியோவில் முன் ரோட்டரின் மூன்று துள்ளலும் ஒரே அளவு. பின் ரோட்டரில் இரண்டு சமமாக இருக்கின்றன, மூன்றாவது முறை முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் இறங்கிவிடுகிறது. திரும்பத் திரும்ப அதே வரிசை.

பாலக்கோடு பட்டறை:

நல்ல செய்தி தம்பி, நிஜமாகவே.

ரோட்டரின் மூன்று முனையிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல் ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களுக்குப் பொதுவானது. அது உடைந்தால் இரண்டு துள்ளல் படுத்துவிடும், ஒன்று மட்டும் நன்றாக இருக்கும். உங்களுக்கு நேர்மாறாக ஒன்றுதான் படுத்திருக்கிறது. இது பின் ரோட்டரில் ஒரு முகத்தின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல் கார்பனில் சிக்கி நிற்பதாகவோ, அதன் ஸ்பிரிங் செத்துப்போனதாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உடைந்த ஏபெக்ஸ் சீல் துண்டு உள்ளே சுற்றினால் குரோமைக் கிழித்துவிடும், வெளியே போகும் வழியில் டர்போவின் விசிறியையும் அடித்துவிடும். உங்கள் இன்ஜினில் அது நடந்த அறிகுறி இல்லை.

கார்பன் மட்டும்தான் என்றால் கிளீனர் விட்டுச் சுத்தம் செய்ததிலேயே சீல் விடுபடுவதும் உண்டு. ஆனால் நீலப் புகையும் இருக்கிறதே. ரோட்டரின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் வளையங்களின் ஓ-ரிங் வருடக்கணக்கில் சூடு தின்று கல்லாகிப்போகும், நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் அந்த வழியாக உள்ளே கசியும். அதற்குப் பிரித்தே ஆக வேண்டும். இறக்குவதற்கு முன்னால் டர்போ வாயில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். புகை அங்கிருந்து வந்தால் அது தனிக் கணக்கு.

சிப்காட் கிரைண்டிங்:

ஓசூரில் மெஷினிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் பங்குக்குச் சொல்கிறேன்.

அளப்பதற்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். மைக்ரோமீட்டர், டயல் கேஜ், சர்ஃபேஸ் பிளேட் எல்லாம் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. ரோட்டர் ஹவுசிங்கின் அகலம் 80 மி.மீ. பல இடத்தில் அளந்து பாருங்கள், வித்தியாசம் 0.06-ஐத் தாண்டக் கூடாது. குரோம் உரிந்திருந்தால் ஓரத்தில்தான் முதலில் தெரியும். விளிம்பில் மெல்லிய உதிர்வு இருந்தால் ஓட்டலாம். சீல் ஓடும் பாதையில் நகம் மாட்டினால் அந்த ஹவுசிங் வேண்டாம். பிளக் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ரோட்டர் ஹவுசிங்குகளைப் பக்கவாட்டில் மூடும் சைடு ஹவுசிங் மூன்றும் வார்ப்பு இரும்பு. சைடு சீல் ஓடிய தடத்தில் படி விழுந்திருக்கும். 0.10 மி.மீ. வரை விடலாம். வளைவு 0.04-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் லேப்பிங் (நைசாகத் தேய்ப்பது) செய்து சமப்படுத்தலாம், இது நம் ஊரில் முடிகிற வேலைதான். ஆனால் இரண்டு விஷயம். முதலில், அந்த முகத்தில் நைட்ரைடிங் செய்த (நைட்ரஜன் ஏற்றிக் கடினப்படுத்திய) மேல்தோல் மெல்லியது. அது போய்விட்டால் அடியில் இருக்கும் மெதுவான இரும்பு சீக்கிரம் தேயும், மறுபடி நைட்ரைடிங் செய்யும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 1986-க்குப் பிந்தைய இன்ஜினில் கூலன்ட் சீல் உட்காரும் பள்ளம் சைடு ஹவுசிங்கில்தான் இருக்கிறது. மேலே எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு பள்ளத்தின் ஆழமும் குறையும். கிரைண்டிங் போடுபவரிடம் இதைச் சொல்லாமல் விட்டால், பளபளவென்று சமமாகக் கொடுத்துவிடுவார், சீல் சரியாக உட்காராது.

ரோட்டர் ஹவுசிங் குரோமை இங்கே யாராவது பிளேட்டிங் செய்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் ராடுக்குப் போடும் ஹார்டு குரோம் வேலையும் இதுவும் ஒன்றல்ல. பிளேட்டிங் போட்ட பிறகு அந்த வளைவையே துல்லியமாக முடித்துத் தர வேண்டும்.

பெங்களூர் இறக்குமதி:

ஆர்டரை இரண்டாகப் பிரியுங்கள். திறந்து பார்க்காமலே, கட்டாயம் மாற்ற வேண்டும் என்று தெரிந்தவை முதல் ஆர்டரில் வரட்டும்: கூலன்ட் சீல், ஆயில் வளைய ஓ-ரிங், முன் பின் ஆயில் சீல், பேக்கிங் செட், எல்லா சீல்களின் ஸ்பிரிங்கும். எல்லாம் எடை இல்லாத சாமான், கூரியரில் வந்துவிடும். ஏபெக்ஸ் சீல், சைடு சீல், பேரிங், ஹவுசிங் எல்லாம் அளந்த பிறகு. கிட்டில் பேரிங்கும் சேர்த்து வாங்கிவிட்டு, பழைய பேரிங் நன்றாகவே இருப்பதைத் திறந்த பிறகு பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

விலைப் பட்டியலை அப்படியே ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். பொருள் விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த தொகைக்குத்தான் சுங்க வரி. அந்த வரியும் சேர்ந்த தொகைக்கு மேல் ஐஜிஎஸ்டி. அதனால் கனமான சாமானுக்குக் கப்பல் கூலிக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள். சைடு ஹவுசிங்கை வெளியிலிருந்து வரவழைப்பது அதனாலேயே கடைசி வழி, இங்கே லேப்பிங் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். ரோட்டர் ஹவுசிங் அலுமினியம் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

என் கணக்கு: நான்கு லட்சத்தில் பாதியைத் தொடவே தொடாதீர்கள், ஹவுசிங் அளவு கைக்கு வரும் வரை. முதல் ஆர்டர் ஒரு லட்சத்துக்குள் நிற்கட்டும். மீதி ஒரு லட்சம், எல்லோரும் மறந்துவிடும் சில்லறைக்கு. இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச், இன்ஜின் மவுன்ட், தண்ணீர் ஹோஸ், வேக்கம் ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றியாக வேண்டும். ரேடியேட்டர், ஆயில் கூலர் சுத்தம் செய்வதும் இதில்தான். ரோட்டரியைக் கொல்வது சூடு. புது சீல் போட்டுப் பழைய அடைத்த ரேடியேட்டரோடு ஓட்டினால் போட்ட காசு வீண்.

ஓசூர் ரோட்டரி:

இன்ஜின் இறக்கியாயிற்று. ஃபிளைவீல் நட் 54 மி.மீ. என்பதால் பயந்தேன். கிருஷ்ணகிரி பைபாஸில் லாரி பட்டறையில் அந்த சாக்கெட்டும் நீளமான பாரும் இருந்தது, தனியாக வாங்க வேண்டியிருக்கவில்லை. ஷாஃப்ட் போல்ட்டையும் அங்கேயே தளர்த்திக் கொடுத்தார்கள்.

அண்ணா சொன்னது சரி. பின் ரோட்டரில் ஒரு சைடு சீல் கார்பனில் இறுகிப் பள்ளத்துக்குள்ளேயே நிற்கிறது. ரோட்டர் ஹவுசிங் இரண்டிலும் சீல் பாதை சுத்தம். பின் ஹவுசிங்கின் விளிம்பில் மட்டும் மெல்லிய உதிர்வு. ஏபெக்ஸ் சீலின் உயரம் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். நடு சைடு ஹவுசிங்கில் ஒரு பக்கம் படி 0.12, மற்றவை எல்லைக்குள். ஆயில் ஓ-ரிங்கை எடுத்தபோது வளையாமல் ஒடிந்தது. பேரிங்கில் தேய்மானத்தைக் காட்டும் தாமிர நிறம் தெரியவில்லை.

ஏபெக்ஸ் சீல் எல்லை 6.5 தானே, பழையதையே போட்டால் காசு மிச்சமாகுமா?

பாலக்கோடு பட்டறை:

போடாதீர்கள். எல்லை என்பது அதற்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது என்பதற்கு, திரும்பப் பூட்டலாம் என்பதற்கு அல்ல. புதிதில் 8 மி.மீ. இருந்தது 7-க்கு வந்துவிட்டது. சீலை மாற்ற மறுபடியும் முழு இன்ஜினையும் இறக்க வேண்டும். ஆறும் புதிது போடுங்கள். ரோட்டரில் உள்ள பள்ளத்தில் புது சீலை நிறுத்தி ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், இடைவெளி 0.15-க்குள் இருந்தால் அதே ரோட்டரை வைத்துக்கொள்ளலாம்.

பேரிங் அப்படியே இருக்கட்டும், அதில் மிச்சம் பிடியுங்கள். ஆயில் வளையத்தின் உதடு அகலம் அரை மி.மீ.க்குள் இருந்தால் அதுவும் பழையதே போதும், ஓ-ரிங் மட்டும் புதிது. நடு சைடு ஹவுசிங் லேப்பிங்குக்குப் போகட்டும். போர்ட்டிங் (காற்று வழியைப் பெரிதாக்குவது), பெரிய டர்போ பேச்சு எதுவும் இந்தக் கணக்கில் வேண்டாம்.

சிப்காட் கிரைண்டிங்:

0.12 என்றால் அதிகம் எடுக்க வேண்டியதில்லை. கொண்டு வருவதற்கு முன் கூலன்ட் பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்து வையுங்கள், வேலை முடிந்ததும் ஒப்பிடலாம்.

ஓசூர் ரோட்டரி:

சரி, செய்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று. சைடு சீல் வெட்டியது, வெட்டாதது என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். வெட்டியது விலை கூடுதல். எது?

பாலக்கோடு பட்டறை:

வெட்டாததே வாங்குங்கள், பன்னிரண்டோடு இரண்டு மூன்று சேர்த்து. ரோட்டரின் மூலைகளில் உட்காரும் கார்னர் சீலைப் பொருத்திவிட்டு, சைடு சீலை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, முனைக்கும் கார்னர் சீலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.05-லிருந்து 0.15-க்குள் வர வேண்டும். எண்ணெய்க்கல்லில் ஒரு முனையை மட்டும், கார்னர் சீலின் வளைவு கெடாமல், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அளந்து அளந்து தேயுங்கள். அதிகமாகத் தேய்ந்துவிட்டால் அந்த சீல் போச்சு, அதற்குத்தான் உபரி. ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்துக்கு மட்டுமே பொருந்தும், முட்டை டிரேயில் எண் எழுதி வையுங்கள். இதற்கு ஒரு நாள் முழுக்கப் போகும், அவசரப்பட வேண்டாம். பூட்டும்போது எண்ட் பிளே (ஷாஃப்ட் முன்பின் அசையும் அளவு) 0.04 முதல் 0.07 மி.மீ. வர வேண்டும். அதற்கான ஸ்பேசர் அளவு ஒவ்வொரு இன்ஜினுக்கும் மாறும், அதை இப்போதே ஆர்டரில் சேர்க்காதீர்கள். ஷாஃப்டைப் பூட்டி டயல் கேஜில் பார்த்த பிறகு சொல்லுங்கள், எந்த எழுத்து ஸ்பேசர் என்று பார்த்துக்கொள்வோம்.