புதுப்பிப்பு: ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் குழந்தைக்கு வாந்தி, ஜலகாம்பாறை அருவிக்கு எந்த வழி?

வேலூரிலிருந்து காரில் ஒருநாள் ஏலகிரி; 14 வளைவிலும் ஆறு வயசுக் குழந்தைக்கு வாந்தி வராமல் எப்படிப் போவது, அருவிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது "பின்சீட்டு நடுவில் உட்கார வையுங்க" என்ற யோசனை. பக்கக் கண்ணாடி வழியே பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்தால் கண் பார்ப்பதும் உள்காது உணரும் அசைவும் ஒத்துப்போகும், குமட்டாது. மலை ஏறுவதற்கு முன்பே வாணியம்பாடியில் இரண்டு இட்லி, சட்னி மட்டும். பால், வடை வேண்டாம். மலையடிவாரத்துப் பொன்னேரியில் திரும்பியதும் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து, இரண்டாவது கியரில் சீராக ஏறணும். செல்போன் கையில் கூடவே கூடாது. எலுமிச்சம்பழம் மோந்தது பெரிதாக உதவவில்லை.

ஜலகாம்பாறைக்கு மலைமேல் இருக்கும் நிலாவூரிலிருந்து நடந்து இறங்குவது பெரியவங்களுக்கே முட்டி வலி. மலையிறங்கி, திருப்பத்தூர் சுற்றிக் காரிலேயே போவதுதான் சரி. ஆனால் மழைக்காலம் முடிந்த கையோடு போகணும். கோடையில் வெறும் பாறைதான்.

எதிர்பாராதது இறக்கத்தில்: பிரேக்கையே மிதித்து வந்ததால் நாலைந்து வளைவிலேயே கருகல் வாடை. ஓரங்கட்டி அரைமணி ஆறவிட்டு, மீதியை முதல், இரண்டாம் கியரிலேயே இறக்கியாச்சு. சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீங்க, டிஸ்க் கோணிடும். நிறுத்துற இடத்தில் குரங்கு இருந்தால் சிப்ஸ் பாக்கெட் டிக்கியிலேயே இருக்கட்டும்.