பறவைச் சங்கத்துல சேர்ந்தா நெசமா என்ன வேல நடக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

செத்தாப்பாக் ராணி:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க கேஎல் செத்தாப்பாக்குல ஃப்ளாட்டுல இருக்கோம், எதிர்ல ஒரு சின்ன புக்கிட் (குன்று), பெரிய பெரிய மரம். ஒரு ஜோடி இருவாச்சி காலையில வந்து உக்காரும், என் மக அத பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்கு கெளம்புவா. இப்ப அங்க கொண்டோ கட்டப்போறோம்னு போர்டு வச்சிட்டாங்க. இதுங்களுக்காகப் பேச யாரும் இல்லையாம்மான்னு அவ கேக்குறா, எனக்கு பதில் தெரியல. நெட்டுல தேடுனா எம்.என்.எஸ் (மலேசிய இயற்கைச் சங்கம்)ங்குறாங்க, பேர்ட்லைஃப்னு உலகப் பறவை அமைப்புங்குறாங்க, இங்கிலாந்துல பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஆர்.எஸ்.பி.பி.ங்குறாங்க. சந்தா கட்டுனா அந்தக் காசு எங்க போகுது, பறவை பேரே சரியா தெரியாத என்ன மாதிரி ஆளு சேந்து என்ன பண்ண முடியும்? எங்க வீட்டுக்காரர் இதெல்லாம் பெரிய கேமரா வச்சிருக்குற பணக்காரங்க பொழுதுபோக்குங்குறாரு. உள்ள இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாகான் பையன்:
வணக்கம்க்கா, நான் பட்டர்வொர்த். நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி வேல எண்ணுறதுதான். பறவைய எண்ணுறது, வருசா வருசம், அதே எடத்துல.

எங்க ஊருக்கு வடக்க தெலுக் ஆயேர் தாவார்லேர்ந்து கோல மூடா வரைக்கும் கடலோரம் சேறு, கரைய ஒட்டி பாக்காவ் மரம், அதான் அலையாத்தி. கடந்து போறவங்களுக்கு அது நாத்தம் புடிச்ச எடம், ஆனா சைபீரியா பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு எறங்கி வர்ற உள்ளான் கூட்டத்துக்கு அதுதான் சோறு. ஒவ்வொரு வகைக்கும் மூக்கு நீளம் வேற, குட்டை மூக்கு மேலாப்புல பொறுக்கும், கிழக்கத்திய பெரிய கோட்டானுக்கு (ஆந்தை இல்ல, இதுவும் கரைப்பறவைதான்) மூக்கு கிட்டத்தட்ட ஒரு சாண் இருக்கும், கீழ வளைஞ்சு, அத நண்டு வளைக்குள்ள விட்டு இழுத்து, நண்டோட கால ஒதறி ஒதறி பிச்சுப் போட்டுட்டு ஒடம்ப மட்டும் முழுங்கும். கிட்டக்க ஒருவாட்டி பாத்துட்டீங்கன்னா அப்புறம் அந்த சேத்த சேறுன்னு சொல்ல வாய் வராது.

ஜனவரில ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987லேர்ந்து நடக்குது, நம்ம நாட்டுல எம்.என்.எஸ் ஆளுங்க முன்ன நின்னு செய்றாங்க. தண்ணி ஏறுற நேரமா பாத்து போகணும். சேறு மூழ்க மூழ்க பறவைங்க நெருக்கியடிச்சு கரைக்கு வரும், அப்பத்தான் எண்ண முடியும். ஒண்ணொண்ணா எண்ணி முடியாது, பத்து பறவை எவ்ளோ எடம் அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சிக்கிட்டு பத்து பத்தா நகந்துக்கிட்டே போவோம், நடுவுல பருந்து வந்து கெளப்பிவிட்டா மறுபடி மொதல்லேர்ந்து.

இது எதுக்குன்னா, ஒரு வகைப் பறவையோட மொத்த எண்ணிக்கையில 100க்கு 1 பங்கு ஒரே எடத்துக்கு வழக்கமா வந்தா அது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு, ஈரநிலங்களக் காக்க நாடுங்க சேந்து போட்ட ராம்சார் ஒப்பந்தத்துல ஒரு அளவுகோல் இருக்கு. எண்ணுன கணக்கு கையில இல்லன்னா யாரு வேணும்னாலும் வந்து எறால் குளம் வெட்டலாம், மண்ணக் கொட்டி மேடாக்கலாம், அங்க என்ன இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. எங்க கரையும் பேர்ட்லைஃபோட முக்கியப் பறவைப் பகுதி பட்டியல்ல இருக்கு, மலேசியா முழுக்க 55 எடம் அப்படி குறிச்சிருக்காங்க. ஆனா பட்டியல்ல இருக்குறதால மட்டும் சட்டப் பாதுகாப்பு வந்துடாது, அதுக்குத் தனியா அலையணும், அங்கதான் வயிறெரியுது.

கொரியால சேமாங்கும்னு ஒரு கழிமுகம், 33 கிலோமீட்டருக்கு சுவரு எழுப்பி 2006ல அடைச்சிட்டாங்க. அங்க எறங்கி மேஞ்ச பெரிய உள்ளானுங்க பக்கத்து கரைக்குப் போயிக்கும்னு சொன்னாங்க. பக்கத்து கரையிலயும், அதுங்க குளிருக்குப் போற ஆஸ்திரேலியாலயும் எண்ணிக்கிட்டு இருந்தவங்க கணக்குலதான் அதுங்க எங்கயும் போகல, இல்லாமயே போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. அப்புறம் அதே மஞ்சள் கடலோரத்துல சீனா பக்கம் சில எடம் 2019லயும் கொரியா பக்கம் 2021லயும் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு. அந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் சம்பளம் இல்லாம போனவங்க எழுதுனது.

கோம்பாக் வாத்தியார்:
தம்பி சொன்னது சரி, நான் கொஞ்சம் பழசு சொல்றேன்மா. எம்.என்.எஸ் 1940ல ஆரம்பிச்சது, பேர்ட்லைஃப்புக்கு மலேசியாவுல கூட்டாளி அவங்கதான். பேர்ட்லைஃப்னா அவங்க தனியா எல்லா நாட்டுலயும் ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கல, ஒவ்வொரு நாட்டுலயும் அந்த ஊர் சங்கம்தான் வேல செய்யும், 1922ல தொடங்குன அமைப்பு, இப்ப இருக்குற பேரு 1993ல வச்சது. அதனால இங்க சந்தா கட்டுனா இங்கயே செலவாகும், கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவே 1987ல அவங்க போராடி கேட்டு வாங்குனதுதான்.

உங்க மகளுக்கு இருவாச்சி பிடிக்கும்னா இத சொல்லுங்க. பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி உக்காந்து வாசல சேறும் எச்சமும் வச்சு பூசி அடைச்சிக்கும், ஒரு சின்ன கீறல்தான் விடும், மாசக்கணக்குல ஆணுதான் பழம் கொண்டாந்து அதுவழியா ஊட்டும். அந்த ஆண ஒருத்தன் சுட்டான்னா உள்ள இருக்குற குடும்பமே பட்டினிதான். தாய்லாந்து தெக்க பூடோ மலைக்காட்டுல முன்னாடி ஊர்க்காரங்களே குஞ்சுங்கள எடுத்து வித்துக்கிட்டு இருந்தாங்க, பிலாய் பூன்ஸ்வாட்னு ஒரு பேராசிரியை அம்மா அதே ஆளுங்களக் கூப்பிட்டு கூடு காவலுக்கு வேல குடுத்தாங்க, பட்டணத்து ஜனங்க ஆளுக்கொரு கூடு தத்தெடுத்து காசு அனுப்புறாங்க. காட்ட நல்லா தெரிஞ்சவன் திருட்ட விட்டுட்டு காவலுக்கு நின்னா அவன விட நல்ல காவல்காரன் ஏது? நம்ம பக்கம் பேராக்ல கெரிக் தாண்டி பெலும் தெமெங்கோர் காட்டுல, மலேசியாவுல இருக்குற 10 வகை இருவாச்சியும் உண்டு. மேல் பெலும் 2007ல மாநிலப் பூங்காவாச்சு, அதுக்கும் பின்னால எம்.என்.எஸ் ஆய்வுப் பயணம் இருக்கு.

சிவகங்கை பேத்தி:
பணக்காரங்க பொழுதுபோக்குன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு மட்டும் பதில். ஆர்.எஸ்.பி.பி.ய 1889ல மான்செஸ்டர்ல தொடங்குனது எமிலி வில்லியம்சன்னு ஒரு அம்மா, பொம்பளைங்க தொப்பியில கொக்கு எறகு வைக்கிறதுக்காக கூட்டுல இருக்குற தாய்க்கொக்கச் சுட்டு எறகு புடுங்கறத நிறுத்தணும்னு. நாங்க எறகு வச்ச தொப்பி போட மாட்டோம்னு பொம்பளைங்க ஒண்ணா நின்னாங்க, அவ்ளோதான் ஆரம்பம். 1921ல எறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டமே வந்துச்சு. அத விடுங்க, எங்க தாத்தா ஊர்ப்பக்கம் வேட்டங்குடி சரணாலயத்த ஒட்டி கொள்ளுகுடிப்பட்டின்னு கிராமம், கண்மாயில பறவை கூடு கட்டுதுன்னு தீபாவளிக்கு வெடியே வெடிக்க மாட்டாங்க, பிள்ளைங்க உட்பட. அங்க சங்கமும் இல்ல சந்தாவும் இல்ல, ஊரே சேந்து காப்பாத்துது.

சுங்கை பூலோ 77:
எல்லாரும் காடு கடல்னு பேசுறீங்க, நம்ம தாமான்லயே (குடியிருப்புலயே) எத்தன வீட்டு வாசல்ல கூண்டு தொங்குது? பாராவ் பாராவ்னு ஒரு குருவி, ஆத்தோரம் விடியக்காலையில பாடும், அந்தக் குரலுக்காகவே புடிச்சுப் புடிச்சு 2018ல மிக ஆபத்தான நெலமைன்னு ஐ.யு.சி.என்ங்குற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல போட்டுட்டாங்க. சிங்கப்பூர்ல இயற்கைச் சங்கம் பல வருசமா எண்ணி வச்சிருக்கு, அங்க புலாவ் ஊபின் தீவுல இன்னும் நல்லா இருக்கு, காரணம் அங்க புடிக்கிறவன் கொறவு. கூண்டுப் பறவை வாங்குறத நிறுத்துறதும் இந்தச் சங்க வேலதான்னு நான் நெனைக்கிறேன், அதுக்கு சந்தாகூட வேண்டாம்.

செத்தாப்பாக் ராணி:
இவ்ளோ எழுதுனதுக்கு ரொம்ப நன்றி, மகளுக்கு இருவாச்சி பொந்து கதைய படிச்சுக் காட்டுனேன், எங்க புக்கிட்லயும் பொந்து இருக்குமான்னு கேக்குறா. இப்ப ரெண்டு கேள்வி. அந்த புக்கிட்டுக்கு நாங்க என்ன செய்யலாம்? சின்னப் பிள்ளைய கூட்டிக்கிட்டு மொதல்ல எங்க போறது?

பாகான் பையன்:
அக்கா, போர்டுல ஆட்சேபம் தெரிவிக்க தேதி போட்டிருக்கான்னு இன்னிக்கே பாருங்க, இருந்தா ஃப்ளாட் கமிட்டியோட சேந்து எழுதிக் குடுங்க. அது நிக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது, நெறைய எடத்துல நிக்கல. ஆனா வெறும் கையோட போகாதீங்க. எந்தத் தேதி, எத்தன மணி, எத்தன பறவை, எந்த மரத்துல பழம் தின்னுச்சுன்னு மகள ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, நீங்க அத ஈபேர்ட்ல (பாத்த பறவைய பதிவு பண்ற வெப்சைட்) ஏத்திடுங்க. பொந்து இருக்குற பெரிய மரம் கண்ணுல பட்டா படம் எடுங்க, இருவாச்சியால பொந்து தோண்ட முடியாது, இருக்குற பழைய பொந்துதான் அதுக்கு வேணும். எம்.என்.எஸ் சிலாங்கூர் கிளைக்கும் அத அனுப்பி வைங்க.

பிள்ளையோட போகணும்னா மார்ச்ல போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான். 2000லேர்ந்து அங்க கழுகு பருந்து பாக்குற விழா எம்.என்.எஸ் நடத்துது. சுமத்ராவுலேர்ந்து தேன்பருந்துங்க கடலத் தாண்டி வடக்க திரும்பும், சூடான காத்து மேல எழும்புறதுலதான் இதுங்க மெதந்து ஏறும், கடல் மேல அது எழும்பாது, அதனால இருக்குறதுலயே கடல் குறுகலா இருக்குற எடமா பாத்து, சுமார் 38 கிலோமீட்டர், தாண்டி வந்து களைச்சுப் போயி லைட்ஹவுஸ் பக்கம் தலைக்கு மேல தாழ்வா வரும். வெயில் ஏறுன பிறகுதான் நல்லா வரும், விடியக்காலையில ஓட வேண்டியதில்ல, தண்ணியும் தொப்பியும் எடுத்துக்குங்க. பைனாகுலர் வாங்குனா 8க்கு 42 வாங்குங்க (8 மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்), 10 மடங்கு போட்டது சின்னப் பிள்ளை கையில ஆடும். வாங்காட்டியும் பரவால்ல, டெலஸ்கோப் வச்சிருக்குறவங்க கிட்ட கேட்டீங்கன்னா கூப்பிட்டுக் காட்டுவாங்க.