5 நாள் அறிவியல் முகாம், 24 பிள்ளைகள்: எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

வட்டமேசை:

விடுமுறையில் 5 நாள் முகாம் போடுகிறோம். தினமும் 3 மணி நேரம், 9 முதல் 12 வயது வரை 24 பிள்ளைகள். பெரியவர்கள் 4 பேர் இருப்போம். அதில் எலக்ட்ரானிக்ஸ் கைப்பழக்கம் இருப்பது இரண்டு பேருக்குத்தான்.

இப்போதைய பட்டியல்: காகிதத்தில் எல்இடி சுற்று, செம்புச் சுருள் மோட்டார், கிறுக்கும் ரோபோ (மோட்டார் அதிர்வில் நகர்ந்து பேனாவால் கோடு போடுவது), வினிகர் எரிமலை, தண்ணீர் ராக்கெட், மைக்ரோபிட் (நிரல் எழுதி இயக்கும் குட்டி மின்னணுப் பலகை), ஸ்லைம், ஸ்ட்ரா பாலம். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் முடித்துவிடலாம் என்று கணக்கு.

இது நடக்குமா? எவ்வளவு பொருள் வேண்டும், எங்கே சொதப்பும்? யோசனைகள் எங்கே தேடினாலும் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது அளவுகளும் கோளாறுகளும்தான்.

செம்புக்கம்பி:

எட்டும் நடக்காது. ஒரு நாளைக்கு ஒன்று என்று வையுங்கள். பெரியவர் 10 நிமிடத்தில் செய்வதற்குப் பத்து வயதுப் பிள்ளைக்கு 40 நிமிடம் ஆகும். அதன் பிறகு அது வேலை செய்யாது. ஏன் என்று தேட இன்னும் 20 நிமிடம். நேரம் போதாமல் அந்த 20 நிமிடத்தை வெட்டினால், பெரியவர்கள் வரிசையாகச் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டே போவீர்கள், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஸ்லைமை எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரா பாலம் இருக்கட்டும், சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்தவன் வேலையில் கைவைக்கிறவர்களுக்கு அதைக் கொடுக்கலாம்.

காகிதச் சுற்றை முதல் நாளே வையுங்கள். ஒருவருக்கு 5 மி.மீ. அகலச் செப்பு டேப் 60 செ.மீ., எல்இடி மூன்று, சிஆர்2032 பொத்தான் செல் ஒன்று. மொத்தத்துக்கு டேப் 20 மீட்டர், எல்இடி 80, செல் 30 வாங்குங்கள். இதில் நிச்சயம் வரும் கோளாறுகள்:

மூலையில் டேப்பை வெட்டி, மேலே இன்னொரு துண்டை ஒட்டுவார்கள். விளக்கு எரியாது. பல டேப்புகளில் அடிப்பக்கப் பசை மின்சாரத்தைக் கடத்தாது. செம்பு செம்பைத் தொடவே இல்லை. மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்பச் சொல்லுங்கள். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் மேல் துண்டின் நுனியை உள்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் மடித்து, அந்த மடிப்பு கீழ்ச் செம்பின் மேல் உட்காரும்படி அழுத்தி, இரண்டு பக்கமும் செல்லோடேப் போடவேண்டும்.

எல்இடியின் நீளக் கால் நேர்முனை என்று சொல்லிக்கொடுப்போம். காலை மடித்ததும் எது நீளம் என்று தெரியாமல் போய்விடும். அப்போது தலையின் அடி விளிம்பைத் தடவச் சொல்லுங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை.

சிவப்பும் வெள்ளையும் ஒரே செல்லில் பக்க இணைப்பாகப் போட்டால் சிவப்பு மட்டும்தான் எரியும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும். சிவப்பு எரியத் தொடங்கியதும் செல்லின் அழுத்தத்தை 2 வோல்ட் பக்கம் இழுத்துவிடும், வெள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. இதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். "வெள்ளை எல்இடி போயிடுச்சு" என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். சிவப்பைக் கழற்றிப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

9 வோல்ட் பேட்டரி மேசைப் பக்கமே வரக்கூடாது. பொத்தான் செல்லின் உள்தடை அதிகம் என்பதால்தான் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) இல்லாமல் எல்இடி பிழைக்கிறது. 9 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் கருகும். கொடுத்தே தீரவேண்டும் என்றால் 470 ஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

செல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண் உண்டாகும். சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேரே மருத்துவமனைதான். வேலைப்பாட்டை வீட்டுக்கு அனுப்பலாம். செல் உங்களிடமே இருக்கட்டும், வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம்.

அடுத்து சுருள் மோட்டார். சுமார் அரை மி.மீ. தடிமனில் எனாமல் (மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு) பூசிய செம்புக் கம்பி, ஒருவருக்கு 1 மீட்டர். 2.5 செ.மீ. விட்டமுள்ள மார்க்கர் ஒன்றில் 10 சுற்று சுற்றினால் 80 செ.மீ. போகும், மீதி சுருளின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கைகளுக்கு. கைகளைத் தாங்க செல்லின் இரு முனையிலும் ஊக்கு இரண்டு, அவற்றைக் கட்ட ரப்பர் பேண்டு, பெரிய டி செல் ஒன்று, கறுப்பு ஃபெரைட் காந்தம் ஒன்று. பளபளக்கும் குட்டி நியோடிமியம் காந்தம் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து நெரித்துவிடும்.

எல்லாமே சுரண்டுவதில்தான் இருக்கிறது. ஒரு கம்பிக் கையை உப்புத்தாளால் சுற்றிலும் சுரண்டவேண்டும். மறு கையை, சுருளை மேசை ஓரத்தில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் பாதியை மட்டும் சுரண்டவேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் அரைச் சுற்றுப் போய்த் திரும்பி வந்து ஊஞ்சல் ஆடும், சுழலாது. முதல் அரைச் சுற்றில் தள்ளும் விசை அடுத்த அரைச் சுற்றில் பின்னுக்கு இழுக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் நிற்கவேண்டும். முழுக்கச் சுரண்டிவிட்டார்களா? கம்பியை வீணாக்கவேண்டாம், ஒரு பாதியில் நகப்பூச்சு தடவிக் காயவிடுங்கள், சரியாகிவிடும். நிறமில்லாத எனாமல் பூசிய கம்பி வெறும் செம்பு மாதிரியே இருக்கும், "இதில் சுரண்ட ஒன்றுமே இல்லையே" என்பார்கள். முன்னாலேயே காட்டிவிடுங்கள்.

அந்தச் சுருளின் தடை 0.1 ஓம் கூட வராது. சுருள் நின்றுபோனால் செல்லை நேராகக் குறுக்குச்சுற்று செய்ததற்குச் சமம், ஊக்கு சுடும். 10 விநாடிக்குள் சுழலவில்லை என்றால் சுருளை எடுத்துவிடவேண்டும். ரீசார்ஜ் செல்களும் லித்தியம் செல்களும் இதற்கு ஆகவே ஆகாது.

அரைஸ்பூன்:

எரிமலையை எடுக்கவேண்டாம், பலூனாக மாற்றுங்கள். எரிமலையில் நுரை வரும், கத்துவார்கள், அதோடு சரி. பலூனில் அளக்க முடியும்.

500 மி.லி. பாட்டில் ஆறு, ஒரு குழுவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் 5 சதவீத வினிகர் 50 மி.லி. சமையல் சோடா மட்டும் மாறும்: 1, 2, 3, 4, 5, 6 கிராம். சோடாவைப் புனல் வைத்துப் பலூனில் போட்டு, பலூனை பாட்டில் வாயில் மாட்டி, நிமிர்த்தித் தட்டவேண்டும். நுரை அடங்கியதும் நூலால் சுற்றளவை அளந்து வரைபடம் போடுங்கள்.

4, 5, 6 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கும். 50 மி.லி. வினிகரில் இருக்கும் அமிலம் 2.5 கிராம், அதற்கு ஈடாகும் சோடா 3.5 கிராம், வரும் வாயு சுமார் 1 லிட்டர். அதற்கு மேல் போடும் சோடா வினை புரியாமல் மிஞ்சும். அந்த பாட்டிலில் இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள், திரும்பப் பொங்கும். எது தீர்ந்துபோனது என்று அப்போது நீங்கள் சொல்லவேண்டிய அவசியம் இருக்காது.

இதில் ஒரு பொறி உண்டு. கணக்குப்படி 1 கிராமுக்குச் சுற்றளவு 26 செ.மீ., 2 கிராமுக்கு 32 செ.மீ. வரும். வாயு இரட்டிப்பு, சுற்றளவு கால்வாசி அளவுதான் ஏறுகிறது. பரிசோதனை தப்பு என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். பருமன் சுற்றளவின் மும்மடிக்கு ஏற்றபடி வளர்கிறது. 12 வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லலாம். 9 வயதுக்கு "எந்த இடத்தில் வளர்ச்சி நின்றது" என்பது போதும்.

வாயுவில் கொஞ்சம் வினிகரிலேயே கரைந்துபோவதால் உங்கள் அளவுகள் குறைவாகவே வரும். பலூனை முன்பே ஒருமுறை ஊதித் தளர்த்துங்கள். கழுத்தில் ஈரம் இருந்தால் சோடா கட்டிபிடித்து விழாது. 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வேண்டும். 1 கிராம் காட்டும் தராசில் 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் நம்பும்படி இருக்காது. கண்ணாடி பாட்டில் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இதற்கும் போடுங்கள்.

ஊக்கு டப்பா:

கிறுக்கும் ரோபோவை மூன்றாம் நாள் வையுங்கள், எல்லோருக்கும் சக்தி குறையும் நாள் அது. இதற்கு நேரம் போவது தெரியாது.

ஒருவருக்கு 3 வோல்ட் மோட்டார், இரண்டு ஏஏ செல்லுக்கான பெட்டி (சுவிட்ச் உள்ளது), காகிதக் கப், ஸ்கெட்ச் பேனா மூன்று. தண்டில் செருக அழிரப்பர் துண்டு. ரப்பரை நடுவில் குத்தினால் மோட்டார் சுழலும், ரோபோ அசையாது. ஓரமாகக் குத்தவேண்டும். மிகவும் ஓரமாகப் போனால் குடைசாயும். ஒன்றரை செ.மீ. நீளத் துண்டில் ஆரம்பியுங்கள்.

அடிக்கடி உடைவது மோட்டாரின் பின்பக்கத் தகடு. ஒயரைப் பிடித்துத் தூக்கும்போது பிய்ந்து வரும். ஒயரை மாட்டிய உடனே மோட்டார் உடம்போடு சேர்த்து ஒரு சுற்று டேப் போடவேண்டும், இழுப்பு தகட்டுக்குப் போகாது. அப்படியும் நாலைந்து போகும், 30 மோட்டார் வாங்குங்கள்.

க்ளூ கன்: குறைந்த வெப்ப வகை மட்டும். அதுவே 120 டிகிரி வரும், சாதாரண வகை 190 டிகிரி பக்கம் போகும். இரண்டே இரண்டு, தனி மேசையில், ஒரு பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், பற்பசை எதுவும் கூடாது. வரிசை நீளுமே என்று கவலைப்படாதீர்கள். முக்கால்வாசி இடங்களில் டேப்பே போதும் என்று அந்த வரிசையில் நிற்கும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

வட்டமேசை:

மூவருக்கும் நன்றி. ஸ்லைம் போயாச்சு, எரிமலை பலூன் ஆச்சு. மைக்ரோபிட் 12 இருக்கிறது, இருவருக்கு ஒன்று. கணினியும் 12. ராக்கெட்டை விடவும் மனசில்லை. இவை இரண்டையும் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கேபிள் தேடி:

மைக்ரோபிட்டில் முதல் மணி நேரத்தைத் தின்பது நிரல் இல்லை, கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் யூஎஸ்பி கேபிளில் பலகைக்கு உயிர் வரும், கணினிக்கு அது தெரியவே தெரியாது. முந்தின நாளே 12 கேபிளையும் ஒவ்வொன்றாகச் செருகி, கணினியில் மைக்ரோபிட் என்று டிரைவ் தோன்றுகிறதா பாருங்கள். தோன்றியதற்குப் பச்சை டேப் சுற்றுங்கள், மற்றதைக் கட்டிடத்தை விட்டே வெளியேற்றுங்கள். மைக்ரோபிட் என்பதற்குப் பதில் மெயின்டனன்ஸ் என்று வந்தால், செருகும்போது யாரோ ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். கழற்றி, பொத்தானைத் தொடாமல் செருகினால் போதும்.

உலாவியிலிருந்து நேராகப் பலகைக்கு அனுப்ப குரோம் அல்லது எட்ஜ் வேண்டும். மற்றவற்றில் நிரல் இருக்கும் ஹெக்ஸ் கோப்பை இறக்கி டிரைவுக்குள் இழுத்துப் போடவேண்டும். இணையம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, மேக்கோட் (மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் மென்பொருள்) ஆஃப்லைன் செயலியை முன்பே நிறுவிவிடுங்கள்.

ரேடியோவில் செய்தி அனுப்புவதை எல்லோரும் விரும்புவார்கள். 12 பலகையும் ஒரே குழு எண்ணில் இருந்தால் எவன் அனுப்பியதோ எல்லாப் பலகையிலும் வரும், அறை சந்தைக்கடை ஆகிவிடும். இரண்டு ஜோடிக்கு ஒரு எண் என்று காகிதத்தில் எழுதிக் கையில் கொடுங்கள், 0 முதல் 255 வரை எதுவும் போடலாம். கடைசி 10 நிமிடம் எல்லோரும் ஒரே எண்ணுக்கு வரட்டும், சந்தைக்கடை அப்போது வேண்டியதுதான்.

முதலைக் கிளிப்பைப் பக்கவாட்டில் மாட்டினால் வழுக்கிப் பக்கத்துப் பின்னை (பலகை விளிம்பில் உள்ள இணைப்பு) தொடும், 3 வோல்ட்டும் கிரவுண்டும் முட்டிக்கொள்ளும். பலகைக்குச் செங்குத்தாகக் கவ்வவேண்டும். ஊக்கு டப்பா சொன்ன மோட்டாரை எடுத்துவந்து பின்னில் நேராக மாட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பின் தருவது சில மில்லியாம்பியர்தான், மோட்டாருக்குத் தனி பேட்டரியும் டிரைவர் பலகையும் வேண்டும்.

ஜோடியில் ஒருவன் மவுஸைப் பிடித்தால் விடமாட்டான். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துக் கைமாற்றுங்கள்.

செம்புக்கம்பி:

ராக்கெட்டைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள், காற்று பலமாக அடித்தால் பாலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். 1 லிட்டர் பாட்டில், அதுவும் சோடா பானம் வந்தது. தண்ணீர் பாட்டிலின் மெல்லிய பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காது. கீறலோ மடிப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். முழுக்க நிரப்பினால் தள்ளக் காற்று இருக்காது, காலியாக விட்டால் தள்ளுவதற்குத் தண்ணீர் இருக்காது. 0, கால், மூன்றில் ஒன்று, முக்கால் என்று மாற்றிப் பார்க்க விடலாம்.

அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்பு, பாட்டில் வாயை அடைத்த கார்க் வழியாகக் காற்றை ஏற்றவேண்டும். 40 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது. கார்க் அதற்கு முன்னாலேயே கழன்றால் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம், துடைத்துவிட்டு ஆழமாக அழுத்துங்கள். 40 ஆகியும் கிளம்பவில்லையா, யாரும் கிட்டே போகக்கூடாது. நிற்கும் பாட்டிலின் கீழ்ப்பக்கத்தில் (வாய்ப் பக்கம்) முன்பே கட்டிய நீளக் கயிற்றைத் தூரத்திலிருந்து இழுத்துச் சாய்த்துவிடுங்கள். எந்தப் பக்கம் ஆளில்லையோ அந்தப் பக்கமாக. பார்ப்பவர்கள் 10 மீட்டர் தள்ளி, பம்பு அடிப்பவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

கிளம்பி உடனே தலைகீழாகப் புரண்டால் மூக்கில் கனம் போதவில்லை. களிமண் 50 கிராம் வையுங்கள். ஏவுவதற்கு முன் ஒரு சோதனை: தண்ணீர் இல்லாத ராக்கெட்டை, எடை சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டி, தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னோக்கி வந்தால் ஏவலாம். பக்கவாட்டிலோ வால் முன்னாலோ வந்தால் களிமண்ணைக் கூட்டவேண்டும், அல்லது துடுப்பைப் பெரிதாக்கிப் பின்னுக்குத் தள்ளி ஒட்டவேண்டும். துடுப்பை நுரை அட்டையில் வெட்டுங்கள், காகித அட்டை முதல் நனையலிலேயே தொங்கிவிடும்.