கோதிக் கட்டடம் உண்மை பேசுது, பரோக் ஏமாத்துது. மறுக்கறவங்க வாங்க

கூர்வளைவு:
வேற ஒரு இழையில ஒருத்தர் கோதிக் சர்ச்லாம் ஒரே இருட்டு, ஐரோப்பாவுல பாக்கணும்னா பரோக் தான்னு எழுதியிருந்தாரு, அதுக்கு பதில் போட ஆரம்பிச்சு நீளமாயிடுச்சு, அதான் தனியா போடறேன். கோதிக்னா இடைக்கால ஐரோப்பாவோட கூர்வளைவு கட்டட பாணி, பரோக்னா அதுக்கப்புறம் 17ம் நூற்றாண்டு வாக்குல வந்த ஆடம்பர பாணி. கோதிக்ல கட்டடம் எப்படி நிக்குதுன்னு கண்ணாலயே பாக்கலாம். கூரையோட எடை ரிப்ஸ் (கூரைக்கு அடியில ஓடற கல் வரிகள்) வழியா தூணுக்கு எறங்குது, வெளிப்பக்கம் தள்ற விசைய ஃப்ளையிங் பட்ரஸ் (சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக் குடுக்கற கல் வளைவு) வாங்கிக்குது, சுவருக்கு வேலை கம்மி, அதனால அந்த எடம் பூரா கண்ணாடி. 1194ல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் கட்டின பிரான்ஸ் சார்ட்ரஸ் கதீட்ரல்ல அந்த நீலக் கண்ணாடி அவ்ளோ பெருசா வர முடிஞ்சதே இதனால தான். இப்ப ரோம்ல சான்ட் இக்னாசியோ சர்ச்சுக்கு வாங்க. டோமே கட்டல! 1685ல ஆண்ட்ரியா போட்சோங்கற ஓவியர் தட்டையான துணியில டோம் மாதிரி வரைஞ்சு மேல மாட்டிட்டாரு. தரையில குறி வச்சிருக்காங்க, அங்க நின்னா டோம், நாலு அடி நகர்ந்தா எல்லாம் சாஞ்சு போகுது. இத எப்படிங்க கட்டடக்கலைன்னு சொல்றது?

ரோமாபுரி:
சாண்ட் ஷாப்பெல் பாத்திருக்கீங்களா சார்? பாரிஸ்ல, 1248ல திறந்தது, சுவரே இல்லாம கண்ணாடி மட்டும் நிக்குதுன்னு எல்லாரும் வாயப் பொளப்பாங்க. அந்தக் கண்ணாடிக்கு குறுக்க ஓடற இரும்புக் கம்பிகள்ல சிலது ஜன்னல் கம்பியே இல்ல, கட்டடத்த சுத்தி இழுத்துப் பிடிச்சிருக்கற சங்கிலியோட பாகம். ஜன்னல் கம்பி மாதிரியே வச்சு மறைச்சிருக்காங்க. இது மட்டும் உண்மையா? நோத்ர் டாம்ல 2019 ஏப்ரல்ல எரிஞ்சது என்ன? கல் கூரைக்கு மேல இருந்த மரக் கூரை. உள்ள நின்னு அண்ணாந்து பாத்தவன் எவனுக்கும் அப்படி ஒரு மரக்காடு மேல இருக்குன்னே தெரியாது. மறைக்கறது தப்புன்னா கோதிக்கும் அதே தப்பு பண்ணியிருக்கு. அப்புறம் பரோக்னா ஒரு ஓவியத்த மட்டும் காட்டாதீங்க. ரோம்ல பொரோமினிங்கற கட்டடக் கலைஞரோட சான் கார்லோ, 1638ல ஆரம்பிச்சது, சின்ன சர்ச் தான். முட்டை வடிவ டோம், அதுல சிலுவை, அறுகோணம், எண்கோணம்னு பள்ளங்கள், மேல போகப் போக சின்னதாகுது, அடியில ஜன்னல் மறைஞ்சிருக்கறதால வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னே தெரியாம டோம் மிதக்கற மாதிரி இருக்கும். வரைஞ்சதில்ல, கட்டினது.

கூர்வளைவு:
இரும்பு கல்லுக்கு உதவி பண்ணுது, இல்லாத ஒன்ன இருக்குன்னு சொல்லல. ரெண்டும் ஒன்னா? பிரான்ஸ்ல போவே கதீட்ரல பாருங்க, 48 மீட்டர் உயரத்துக்கு கூரை ஏத்தினாங்க, 1284ல ஒரு பகுதி விழுந்துச்சு, திரும்பக் கட்டும்போது பழைய தூணுங்களுக்கு நடுவுல புதுத் தூண் சொருகினாங்க, அந்த நெருக்கம் இன்னிக்கும் அப்படியே தெரியுது. 1573ல 153 மீட்டர் கோபுரமும் விழுந்துச்சு, சர்ச்சோட முன்பாதி கட்டவே இல்ல. பட்ட அடி எல்லாம் வெளிய தெரியுது, எனக்கு அந்தக் கட்டடம் ரொம்பப் பிடிக்க காரணமே அது தான். ஜெர்மனி பவேரியாவுல பரோக் வழியில வந்த வீஸ் சர்ச்சுல மேல இருக்கறது மரச்சட்டம், அதுல சுதை பூசி வானமே திறந்த மாதிரி பெயின்ட். நம்ம கல்யாண மண்டபத்து ஃபால்ஸ் சீலிங் மாதிரி.

சைட்_இஞ்சினியர்:
ரெண்டு பேரும் லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரல விட்டுட்டீங்க, இந்த சண்டைக்கு அது தான் சரியான கேஸ். 1666 லண்டன் தீக்கு அப்புறம் கிறிஸ்டபர் ரென்ங்கற கட்டடக் கலைஞர் கட்டினது. வெளிய தெரியற டோம் மரச்சட்டத்து மேல ஈயத் தகடு, உள்ள அண்ணாந்து பாத்தா தெரியறது வேற ஒரு செங்கல் டோம், ரெண்டுக்கும் நடுவுல யார் கண்ணுக்கும் படாம ஒரு செங்கல் கூம்பு, சுமார் ஒன்றரை அடி கனம் தான், உச்சியில இருக்கற 850 டன் குட்டிக் கல் கோபுரத்த அது தான் தாங்குது. இன்னொன்னு, வெளிச்சுவரோட மேல் மாடி இருக்கே, அதுக்குப் பின்னாடி ரூமே கிடையாது. உள்ள ஃப்ளையிங் பட்ரஸ் ஒளிஞ்சிருக்கு! மேலிருந்து எடுத்த ஃபோட்டோவுல பாருங்க.

கூர்வளைவு:
பாத்தீங்களா, கடைசியில நிக்க வைக்கறதுக்கு கோதிக் முறை தான் வேணும், ஆனா அத வெளிய காட்ட வெக்கம்.

ரோமாபுரி:
வெக்கம் இல்ல சார். தேம்ஸ் அந்தக் கரையிலிருந்து பாத்தா டோம் உயரமா தெரியணும், உள்ள நிக்கறவனுக்கு அதே உயரம்னா புகைபோக்கிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கும். அதனால தான் ரெண்டு டோம். ரெண்டு இடத்துலருந்து பாக்கறவங்களையும் மனசுல வச்சுக் கட்டியிருக்கான், அது தான் டிசைன்.

புதுசு_2024:
ஒரு சந்தேகம், கோதிக்ல பட்ரஸ் மேல குட்டி குட்டி கூர்கோபுரம் இருக்கே, அது அலங்காரம் தானே?

சைட்_இஞ்சினியர்:
அலங்காரமும் தான். ஆனா அதோட எடை நேரா கீழ அமுக்கறதால, பக்கவாட்டுல வர்ற தள்ளுவிசை பட்ரஸோட அடிப்பகுதிக்குள்ளயே எறங்கிடும். செயின்ட் பால்ஸ்ல பட்ரஸ மறைக்கற அந்த மேல் மாடிச் சுவரும் இதே வேலையச் செய்யுதுன்னு சொல்றாங்க.

கூர்வளைவு:
எடைக்காகத் தான்னா வெறும் சுவரா விட்டிருக்கலாமே. அந்தச் சுவர்ல ஜன்னல் மாதிரியே சட்டம், தூண், மேல முக்கோணம் எல்லாம் வச்சு நடுவுல மாடம் தான் இருக்கு, கண்ணாடி இல்ல. எடைக்கு எதுக்கு பொய் ஜன்னல்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.