சமூக அசைவு: வினாக்கொத்தில் என்ன கேட்பது?

கொட்டாஞ்சேனை மாணவி:
சமூக அசைவு, அதாவது ஒரு ஆளோ குடும்பமோ சமூகத்தில ஏறுறது, இறங்குறது பற்றின ஒப்படைக்காக இங்க 100 பேரிட்ட விபரம் எடுக்கப்போறம். "உங்கட குடும்பம் முன்னேறியிருக்கா?" எண்டு கேட்டா போதுமா? ஹட்டன் தோட்டத்தில இருந்து வந்து புறக்கோட்டைக் கடையில நிக்கிறவரை மேல்நோக்கிய அசைவெண்டு போடலாமா?

வெள்ளவத்தையான்:
அந்தக் கேள்வியை விட்டிடுங்கோ தங்கச்சி. வீட்டில டிவியும் கையில ஃபோனும் இருந்தா எல்லாரும் "ஓம்" எண்டுதான் சொல்லுவினம். "உங்களுக்கு 14 வயசில அப்பா என்ன வேலை செய்தவர்? அம்மா?" எண்டு கேளுங்கோ. தோட்டத்தில கொழுந்து பறிச்ச அம்மாவை விட்டா பாதிக் கதை போயிடும். "வியாபாரம்" எண்டு மட்டும் எழுத விடாதீங்கோ. கெய்சர் வீதி மொத்த வியாபாரியும் நடைபாதையில துவாய் விக்கிறவரும் அதே சொல்லைத்தான் சொல்லுவினம். கீழ எத்தனை பேர் வேலை செய்யினம் எண்டும் கேளுங்கோ. 35 வயசுக்கு மேற்பட்ட ஆக்களை எடுங்கோ, 22 வயசில ஒருத்தரும் தொழிலில நிலைச்சிருக்க மாட்டினம்.

ஹட்டன் ஆள் இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். கூலி வேலையில இருந்து கடை உதவியாள் எண்டா அது கிடை அசைவு, அதாவது அதே மட்டத்தில வேலை மாறுறது. ஓய்வு காலத்துக்குச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8%, முதலாளி 12% கட்டவேணும். தோட்டத்தில அது கிடைச்சு, கடையில கட்டாம விட்டா, கையில காசு கூடினாலும் அவர் ஒரு படி இறங்கினதாத்தான் நான் எடுப்பன்.

அட்டவணைக்காரன்:
பதில்களை அட்டவணையாக்கும்போது தகப்பன் தொழிலை நிரையில (கிடையா) போடுங்க, பிள்ளையின் தொழிலை நிரலில (நெடுக்கா) போடுங்க. சதவீதம் நிரைப்படி எடுக்கணும், அநேகம் பேர் பிழை விடுற இடம் இதுதான்.

உதாரணத்துக்கு, கூலித் தகப்பன்மார் 40 பேரின் பிள்ளைகளில் 10 பேர் கந்தோர் வேலைக்குப் போனா, போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் விகிதம் 10க்கு 30, அதாவது மூன்றில் ஒன்று. கந்தோர்த் தகப்பன்மார் 20 பேரின் பிள்ளைகளில் 15 பேர் கந்தோரிலயே இருந்தா 15க்கு 5, அதாவது 3. இரண்டுக்கும் இடைவெளி 9 மடங்கு. புதுக் கந்தோர்கள் திறந்து கூலிக்காரரின் பிள்ளைகள் 20க்கு 20 ஆகி, கந்தோர்க்காரரின் பிள்ளைகள் 18க்கு 2 ஆனா, மேல போனவங்க கூடியிருப்பாங்க. ஆனா அந்த 9 அப்படியே நிக்கும்! வாய்ப்பு சமமாகல்ல. ஒப்படையின் உயிர் இந்த எண்தான்.

கொட்டாஞ்சேனை மாணவி:
படிப்பை வைச்சு அளந்தா?

வெள்ளவத்தையான்:
அளக்கலாம். ஆனா 1945இல இலவசக் கல்வி வந்த பிறகு முழுத் தலைமுறையுமே கூடப் படிச்சது. அதால அப்பா எத்தனையாம் வகுப்பு, பிள்ளை எத்தனையாம் வகுப்பு எண்டு நேரா ஒப்பிடாதீங்கோ. அப்பா தன் வயசுக்காரரில எத்தனையாம் இடம், பிள்ளை தன் வயசுக்காரரில எத்தனையாம் இடம் எண்டு பாருங்கோ.

அட்டவணைக்காரன்:
இன்னொண்டு, கொழும்பில மட்டும் கேட்டா வந்து சேர்ந்தவங்கதான் அகப்படுவாங்க. "கூடப்பிறந்தவங்க இப்ப எங்க, என்ன வேலை?" என்றும் ஒரு கேள்வி சேருங்க, தோட்டத்து லயன் வீடுகளிலேயே இருக்கிறவங்களும் கணக்குக்குள்ள வருவாங்க.