இரண்டாவது கேட்டை மூடச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ்: தக்கவைக்க என்ன காட்ட வேண்டும்?

கேள்வி

மூலை மனை. பெரிய சாலைப் பக்கம் முகப்பு 18 மீட்டர். பக்கத் தெருவில் ஒரு கேட், பெரிய சாலையில் இன்னொன்று. இரண்டுக்கும் எதிரே கார் ஏற வசதியாக நடைபாதை ஓரக்கல் தாழ்த்தப்பட்டிருக்கிறது. பெரிய சாலைக் கேட், தெரு முனையிலிருந்து 7 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே வேக வரம்பு மணிக்கு 40 கி.மீ. இரண்டாவது வழிக்கு அனுமதி இருந்தால் காட்டவும், இல்லையேல் மூடவும் என்று நோட்டீஸ். வீடு வாங்கும்போதே இரண்டு கேட்டும் இருந்தன. பழைய வழி என்று சொன்னால் போதுமா? ஆய்வுக்கு வருபவர் எதைப் பார்ப்பார்?

பதில் 1

நோட்டீஸில் எந்த விதியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வழிகளின் எண்ணிக்கையா, அகலமா, முனையிலிருந்து உள்ள தூரமா, அனுமதி இல்லாததா? அதைப் பொறுத்துப் பதிலே மாறும். அகலம் அதிகம் என்பதுதான் புகார் என்றால் தாழ்த்திய ஓரக்கல்லில் கொஞ்சத்தை அடைத்தாலே முடிந்தது. எண்ணிக்கை என்றால் விதிவிலக்கு கேட்டு மனு போட வேண்டும். சாலை மாநகராட்சியுடையதுதானா என்றும் விசாரியுங்கள். வேறு துறையின் சாலையாக இருந்தால் அவர்கள் ஒப்புதலும் தேவைப்படும்.

பல வருஷமாக இருக்கிறது என்பது மட்டும் அனுமதி ஆகாது. கேட் உங்கள் சுவரில் இருக்கலாம், ஓரக்கல் பொது நிலத்தில் இருக்கிறது. அங்கீகரித்த கட்டட வரைபடத்தில் இரண்டு கேட்டும் இருந்தால் அது வலுவான சான்று. முந்தைய உரிமையாளர் பெயரில் ஓரக்கல் தாழ்த்த அனுமதி கொடுத்த கோப்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விதி வருவதற்கு முன்பே வழி இருந்தது என்று காட்ட, தேதியிட்ட பழைய வான்படம் உதவும். வரி ரசீது, மின் ரசீது எல்லாம் வீட்டுக்குச் சான்று, கேட்டுக்கு அல்ல.

சான்று கிடைக்காவிட்டால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: முதல் கேட்டால் முடியாத எந்த வேலையை இரண்டாவது செய்கிறது? உள்ளே காரைத் திருப்ப இடமில்லை, ஒரே கேட் என்றால் ரிவர்ஸில்தான் தெருவில் இறங்க வேண்டும் என்பது எடுபடும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படியில்லாத வழி அந்தப் பக்கம்தான் என்பதும் எடுபடும். இரண்டு கார் இருக்கிறது என்பது எடுபடாது. 3 மீட்டர் கேட், இருபுறச் சாய்வு 0.9 மீட்டர் வீதம், மொத்தம் 4.8 மீட்டர் ஓரக்கல் போகிறது. தெருவில் ஒரு கார் நிறுத்தும் இடம் அதோடு போய்விடும். அந்த இழப்பு ஊருக்கு என்பதை மறக்க வேண்டாம்.

பதில் 2

ஆய்வாளர் வருவதற்கு முன் நீங்களே இரண்டை அளந்துவிடுங்கள்.

ஒன்று, பார்வைத் தூரம்: கேட்டிலிருந்து வெளியே வருபவருக்குச் சாலையில் எவ்வளவு தூரம் வரை தெரிகிறது என்பது. 40 கி.மீ வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஓட்டுநர் கவனித்து பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி, அதற்குள் 28 மீட்டர் போய்விடும். நிற்க இன்னும் 18. ஆக 46, வடிவமைப்பில் 50 என்று வைப்பார்கள். சாலை விளிம்பிலிருந்து எவ்வளவு பின்னால் நின்று அளப்பது என்பதில் வழிகாட்டிகள் 2.4 முதல் 4.5 மீட்டர் வரை வேறுபடும். உங்கள் மாநகராட்சி எதை எடுக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண் உயரம் சுமார் 1.05 மீட்டர். நின்று பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், குனிந்து பாருங்கள்.

இரண்டாவது, நடைபாதையின் குறுக்கு வாட்டம். 1.2 மீட்டர் ரசமட்டத்தை (கொத்தனார் மட்டம் பார்க்கும் குமிழிக் கட்டை), கார் ஏறும் இடத்தில் நடப்பவர் திசைக்குக் குறுக்கே வையுங்கள். தாழ்ந்த முனையைத் தூக்கிக் குமிழி நடுவில் வந்ததும் அடியில் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். 24 மி.மீ-க்கு மேல் இருந்தால் வாட்டம் 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சக்கர நாற்காலி சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன். முனைப் பக்கம் பிரச்சினை இல்லை. மறுபக்கம் 31 மீட்டர்தான் தெரிகிறது, எங்கள் 1.5 மீட்டர் மதில் மறைக்கிறது. ரசமட்டத்தில் 40 மி.மீ. அனுமதிக் கோப்பு எதுவும் இல்லை. உள்ளே காரைத் திருப்ப முடியாது.

பதில் 2

40 மி.மீ என்பது 3.3 சதவீதம். நடைபாதை முழுவதையும் சாலைப் பக்கம் சரித்துவிட்டார்கள். சுவரோரம் 1.2 மீட்டரைச் சமமாக விட்டு, ஓரக்கல் பக்கம் மிச்சமிருக்கும் அகலத்துக்குள் ரேம்ப்பை முடிக்க வேண்டும். கார் ஏறும் இடத்தில் கான்கிரீட் 150 மி.மீ தடிமன் போடுங்கள். நடப்பவர்களுக்கான 100 மி.மீ பலகை அங்கே விரிசல் விடும்.

பதில் 1

இந்த அளவுகளோடு பெரிய சாலைக் கேட்டில் உள்ளே வரவும் வெளியே போகவும் கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். பெரிய சாலையில் நுழைவு மட்டும், வெளியேறுவது பக்கத் தெருவில் என்று கேளுங்கள். வெளியே வரும் கார் அங்கே இல்லாததால் 31 மீட்டர் குறை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ரிவர்ஸ் எடுக்க வேண்டியதும் இல்லை. உள்ளே 3 மீட்டர் அகலப் பாதை, வளைவின் உள் ஆரம் 4 மீட்டர் கிடைக்கிறதா என்று வரைந்து பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்.

7 மீட்டர் தூரம் தனிச் சிக்கல். முனை திரும்பிய உடனே கார் வேகம் குறைத்தால் பின்னால் வருபவர் மோதலாம். கேட்டை மறுகோடிக்கு நகர்த்தினால் சுமார் 14 மீட்டர் கிடைக்கும். ஆனால் அங்கே பக்கத்து வீட்டு மதில் மறைக்கலாம், அதை நீங்கள் உயரம் குறைக்க முடியாது. நடந்து வருபவர் தெரிய, கேட்டின் இருபுறமும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் முக்கோணத்தில் உங்கள் மதிலை 0.6 மீட்டராகக் குறைப்பதாகவும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 3

ரேம்ப் மழைநீர் போகும் ஓரத்தை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் சின்ன பைப் வைத்திருந்தால் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்து, தண்ணீர் மேட்டுப் பக்கத்து வீட்டின் முன்னால் தேங்கும். அந்த ஒரு புகாரே அனுமதியைக் கெடுக்கும்.

கேட்டைப் பூட்டிவிட்டு மூடியாயிற்று என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஓரக்கல் தாழ்ந்திருக்கும்வரை பல இடங்களில் அதை வழியாகத்தான் கணக்கிடுவார்கள். கெடுவுக்குள் மனு தயாராகாது என்றால் அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.